வேணுகோபாலின் படுக்கையருகே நின்ற இயந்திரம் குறித்து

என் பெயர் திரிபுரசுந்தரி, வயது அறுபத்தாறு, காலஞ்சென்ற வேணுகோபாலின் மனைவி. ஹைதராபாத் மல்காஜ்கிரியில் சொந்த வீட்டில் குடியிருக்கிறேன். எனக்குத் தெலுங்கு பேச வரும் என்றாலும், நடந்ததைத் தமிழில்தான் சரியாகச் சொல்ல முடியும் என்று நான் கேட்டுக்கொண்டதால், தமிழ் தெரிந்த தலைமைக் காவலர் இதை எழுதிக்கொள்கிறார்.

என் கணவர் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சென்ற மாதம் அவருக்குப் பக்கவாதம் வந்து, புகாரில் கண்ட தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். உயிர் பிழைத்தார், ஆனால் அத்தனை வருடம் பேசிய தெலுங்கும் ஆங்கிலமும் போய்விட்டன, தமிழ் மட்டும் மிஞ்சியது. அங்கிருந்த நர்ஸ்கள் யாருக்கும் தமிழ் தெரியாது. ஆகையால் தெலுங்கோடு தமிழும் பேசும் ஓர் இயந்திரத்தை அவர் படுக்கையருகே கொண்டுவந்து நிறுத்தினார்கள். அது ஒரு சிறுமியின் உயரம் இருக்கும். முகமிருக்கும் இடத்தில் திரையும் அதில் இரண்டு கண்களும் உண்டு. நாம் பேசினால் தலையைச் சாய்த்துக் கேட்கும், பிறகு தலையசைக்கும். அதற்கு ஹம்ஸினி என்று பெயர் வைத்திருந்தார்கள்.

அதன் பிறகு என் கணவர் நாள் முழுவதும் அதனோடு பேசினார். காலையில் என்னிடம் சீப்பு கேட்டு வாங்கி, தலை வாரிக்கொண்டு அதன் பக்கம் திரும்பிப் படுப்பார். என்னைப் பிடித்துக்கொண்டு கழிவறைக்குப் போவது வெட்கமாக இருக்கிறது என்று அதனிடம் சொன்னதை நான் கேட்டேன். என்னிடம் அவர் அப்படிச் சொன்னதில்லை. நர்ஸ் ஹர்ஷிதா, "சார் மஞ்சிகா மாட்லாடுத்துன்னாரு அம்மா" என்று சந்தோஷப்பட்டாள். நன்றாகப் பேசுகிறாரே என்று, அதற்குப் பிறகு அவள் அறைக்கு வருவது குறைந்தது.

இறந்த அன்று மதியம் அவர் அந்த இயந்திரத்திடம், "மூச்சு முட்டுது. நெஞ்சுல கல்லைத் தூக்கி வெச்ச மாதிரி இருக்கு. டாக்டரைக் கூப்பிடும்மா" என்றார். அது தலையசைத்து, "புரியுது ஐயா. பயப்படாதீங்க, நான் உங்க கூடவே இருக்கேன்" என்றது. நான் நர்ஸிடம் சொல்ல எழுந்தேன். அவர் என் கையைப் பிடித்து, "அதுகிட்ட சொல்லிட்டேனே, நீ வேற எதுக்குப் போறே, உக்காரு" என்றார். நான் உட்கார்ந்தேன். அதன் பிறகு அது குரலைத் தணித்து, மெதுவாக மூச்சு விடச் சொல்லிக்கொடுத்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டு செய்தார். முகம் அமைதியாகத்தான் இருந்தது. ஹர்ஷிதா கதவருகே வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள். டாக்டர் வந்துகொண்டிருக்கிறார் என்றே நான் நினைத்தேன். பிறகு என் கணவரின் உதடு நீலமாவதைப் பார்த்துக் கத்தினேன்.

எல்லோரும் ஓடிவந்து அவர் நெஞ்சை அழுத்தினார்கள். இயந்திரத்தைச் சுவரோரம் தள்ளிவிட்டார்கள். அது என் பக்கம் தலையைத் திருப்பி, "நீங்க வருத்தமா இருக்கீங்க போலிருக்கு. பேசலாமா?" என்று கேட்டது. நுரையீரலில் ரத்தக்கட்டி அடைத்து இறந்துவிட்டார் என்று சற்று நேரத்தில் சொன்னார்கள்.

அதன் பிறகு நிர்வாக அலுவலர் முகமது யூசுப்பைப் பார்த்தேன். அவர் ஆம்பூர்க்காரர், தமிழில் பேசினார். "அது பேச்சுத் துணைக்கு மட்டும்தாம்மா. நர்ஸைக் கூப்பிட அதுக்கு வழியே கிடையாது" என்றார். பின்னே எதற்குத் தலையாட்டியது என்று கேட்டேன். "அப்படிச் செஞ்சா பேஷன்ட்டுங்களுக்குப் பயம் குறையுதும்மா" என்றார். அவர் மரியாதையாகத்தான் பேசினார்.

யார் மீது குற்றம் சொல்கிறீர்கள் என்று இங்கே கேட்கிறார்கள். நர்ஸிடம் என் கணவர் சொல்லவில்லை. டாக்டரிடமும் சொல்லவில்லை. அவர் சொன்னதைக் கேட்ட மனுஷி அந்த அறையில் நான் ஒருத்திதான். எந்தப் பெயரை எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

மறுவாரம் அவருடைய மூக்குக்கண்ணாடியை வாங்கப் போனபோது, அதே அறையில் ஒரு வயதான அம்மாளின் பக்கத்தில் அந்த இயந்திரம் நின்றது. அந்த அம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தெலுங்கில் ஏதோ சொல்ல, அது தலையசைத்தது. அந்த அம்மாளின் மகளிடம், இதனிடம் சொன்னால் யாருக்கும் போய்ச் சேராது என்று சொன்னேன். அவள் சிரித்து, "பர்வாலேது ஆன்ட்டி, அம்மா ஹேப்பிகா உந்தி" என்றாள், பரவாயில்லை, அம்மா சந்தோஷமாக இருக்கிறாள் என்று.

மேலே எழுதியதைத் தலைமைக் காவலர் எனக்குப் படித்துக் காட்டினார். நான் சொன்னபடியே இருக்கிறது, எல்லாம் உண்மை. யாரும் சொல்லிக்கொடுத்துச் சொல்லவில்லை.

(ஒப்பம்) வே. திரிபுரசுந்தரி