பென்சில் பட்டியல்

பதக்கம் தேடி வருகிறவர்கள் எல்லோரும் முன்பக்கத்தையே பார்க்கிறார்கள். நீங்கள் வந்ததும் திருப்பிப் பார்த்தீர்கள், அதனால்தான் உட்காரச் சொன்னேன். பின்னால் ஓர் எண் இருக்கும். அந்த எண் பதிவேட்டில் இருக்கும், அதற்கு எதிரே ஒரு பெயர். பெர்மெத் வட்டாரத்துப் பதிவேட்டை ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தாறிலிருந்து தொண்ணூறு வரை எழுதியவன் நான்தான்.

உங்கள் புத்தகத்துக்கு நம்பகமான ஆதாரம் வேண்டும் என்றீர்கள். சந்தையில் பதக்கம் விற்கிறவனை நம்பாதீர்கள். கிழவர்களின் வீரக் கதைகளையும் நம்பாதீர்கள். இரண்டாவது கிளாஸ் ராக்கிச் சாராயம் உள்ளே போனால் இந்த ஊரில் எல்லோரும் பாலத்தில் நின்று சண்டை போட்டவர்கள்தான். காகிதத்தை நம்புங்கள்.

சுவரில் மாட்டியிருப்பது என் அண்ணன் கோச்சோவுடையது. எண் 2214. ஜெர்மன்காரர்கள் வந்த அன்று வியோசா ஆற்றுப் பாலத்தில் நம் ஆட்கள் இரண்டு பேர் செத்தார்கள். ஒருவன் கடைசித் தோட்டா வரை நின்று செத்தான். இன்னொருவன் துப்பாக்கியைப் போட்டுவிட்டு ஓடினான், அவனை நம் ஆட்களே முதுகில் சுட்டார்கள். போர் முடிந்ததும் படையிலிருந்து பென்சிலில் எழுதிய பட்டியல் வந்தது. அதை மையில் படியெடுப்பது என் வேலை. பட்டியலில் நின்றவன் பெயர் ரப்போ. ஓடியவன் கோச்சோ. எனக்கு அப்போது பத்தொன்பது வயது, கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். இரண்டு பெயர்களையும் இடம் மாற்றி எழுதினேன்.

இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? ஓடியவன் குடும்பத்துக்கு என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். என் அம்மா ஏற்கெனவே பாதி செத்திருந்தாள். ரப்போவின் மனைவி திடமானவள், தாங்கிக்கொள்வாள் என்று பட்டது. தாங்கவும் செய்தாள். லுஷ்னியா பக்கத்துச் சதுப்பு நிலத் தண்டனைக் குடியிருப்புக்கு அவர்களை லாரியில் ஏற்றினார்கள். சானியே என்று ஆறு வயது மகள், கூட இரண்டு வயதுக் குழந்தை ஒன்று. அந்தக் குழந்தை முதல் கோடையிலேயே காய்ச்சலில் போய்விட்டது. அது காய்ச்சலின் வேலை, என்னுடையதல்ல.

ஐந்து வருடத்துக்கு ஒருமுறை அந்தத் தண்டனையைப் புதுப்பிப்பார்கள். ரப்போ ஓடியவன்தானா என்று கேட்டு எங்கள் அலுவலகத்துக்குக் கடிதம் வரும். எட்டு முறை உறுதிப்படுத்தினேன். ஒருமுறைகூட பதில் தாமதமாகப் போனதில்லை.

என் அம்மா நவம்பர் விடுதலைநாள் விழாக்களில் முன்வரிசையில் உட்கார்ந்தாள். என் மகன் டாக்டருக்குப் படித்தான். அவன் கையால் பிழைத்தவர்கள் எத்தனை பேர் என்று யாராவது கேட்கிறார்களா? கேட்கமாட்டார்கள்.

போன பிப்ரவரியில் எத்லேவா வந்தாள், சானியேவின் மகள். சானியேவுக்குப் புற்றுநோய் முற்றிவிட்டது. இன்னும் ஆட்டுப்பட்டிக்குப் பின்னால் கிடக்கிற அப்பாவின் எலும்புகளைத் தியாகிகள் கல்லறையில் வைத்துவிட்டுத்தான் கண்ணை மூடுவேன் என்கிறாளாம். அதற்குத் தலைநகர் திரானாவில் ஓர் ஆவணம் கேட்கிறார்கள்.

“மியூசியத்துல பாத்தேன், பழைய பேப்பர்ல பாத்தேன், வெளிநாட்டுக்காரன் போட்ட புத்தகத்துலயும் பாத்தேன், பெரியப்பா. மூணுலயும் ஒரே மாதிரிதான் போட்டிருக்கு.”

“மூணும் ஒண்ணாச் சொன்னா அப்புறம் என்ன கண்ணு?”

“மூணுக்கும் சொல்லிக் குடுத்தது நீங்கதானே.”

கெட்டிக்காரி. மியூசியத்துப் பலகைக்கு எழுதிக் கொடுத்தது நான். பேப்பர்க்காரன் பலகையைப் பார்த்து எழுதினான், வெளிநாட்டுக்காரன் பேப்பரைப் பார்த்து எழுதினான். இத்தனை வருடத்தில் வேறு எந்தப் படித்தவனுக்கும் இது தோன்றவில்லை.

“பென்சில்ல எழுதின பட்டியல் ஒண்ணு இருந்துச்சுன்னு அந்தப் படையில இருந்தவர் ஒருத்தர் அம்மாகிட்ட சொன்னாராம். நீங்க ஒரு துண்டுக் காகிதத்தைக்கூடத் தூக்கிப் போடமாட்டீங்கன்னு ஊரே சொல்லுது. குடுத்துடுங்க பெரியப்பா. உங்க பேர எங்கயும் இழுக்கமாட்டேன். அம்மாவுக்கு நாள் இல்ல.”

ஊர் சொல்வது சரிதான். தொண்ணூற்றொன்றில் ஆட்சி கவிழ்ந்து மற்றவர்கள் காகிதங்களைத் தெருவில் போட்டுக் கொளுத்தியபோது பதிவேட்டைக் கோட்டுக்குள் மறைத்துக் கொண்டுவந்தவன் நான். பென்சில் பட்டியல் அதன் பின்அட்டையில் ஒட்டியிருந்தது. ஐம்பத்தேழு வருடம் அதைப் பத்திரமாக வைத்திருந்தேன். காகிதத்தைக் கிழிக்கிறவனைக் கண்டாலே எனக்கு ஆகாது.

பட்டியல் விஷயமாகத்தான் வருகிறேன் என்று எத்லேவா முந்தின நாளே போனில் சொல்லியிருந்தாள். மரியாதை தெரிந்த பெண். அதனால் எனக்கும் நேரம் கிடைத்தது. காலையில் பட்டியலை ஓரம் கிழியாமல் பிரித்தெடுத்து அடுப்பில் விறகுக்கு அடியில் வைத்தேன். அவள் கதவைத் தட்டியதும் பற்றவைத்தேன்.

“எலி தின்னுடுச்சு கண்ணு” என்றேன்.

அவள் நம்பவில்லை. ஆனாலும் வெளியே நல்ல குளிர், அடுப்புப் பக்கம் நகர்ந்து கைகளைக் காட்டினாள். காபியும் பாகில் ஊறிய பச்சை வால்நட்டும் வைத்தேன். வந்தவரை வெறும் வாயோடு அனுப்புகிற வீடில்லை இது. அழுதுகொண்டே குடித்தாள், காபி நன்றாக இருக்கிறது என்று மறக்காமல் சொன்னாள். அந்தத் தாள் எரிந்த நெருப்பில்தான் அது கொதித்தது. சானியே மார்ச்சில் செத்தாள்.

எழுதிக்கொள்ளுங்கள், நான் தடுக்கமாட்டேன். மறுபடி பத்தொன்பது வயது வந்தாலும் அப்படியேதான் எழுதுவேன். ஆனால் கீழே ஆதாரம் என்று எதைப் போடுவீர்கள்? பதிவேடு கோச்சோ என்கிறது. மியூசியமும் பேப்பரும் புத்தகமும் கோச்சோ என்கின்றன. இல்லை என்று சொல்ல இருப்பது எழுபத்தாறு வயதுக் கிழவன் ஒருவன், அவனுக்கும் இது இரண்டாவது கிளாஸ். ஆதாரம் இல்லாமல் ஒரு வரி எழுத உங்களுக்குக் கை வராது. எனக்கும் ஒருநாளும் வந்ததில்லை.