பூசணிக்குக் கல்யாணம்

ஆர்.எஸ்.புரத்தில் பஸ் ஏறிய இரண்டு பெண்கள் என் முன் சீட்டில் உட்கார்ந்தார்கள். இளையவர் சொன்னார்:

“எங்க ஊட்டுக்காரர் தெனம் விடியால பூசணிக்குக் கல்யாணம் பண்ணி வெக்கறாருங்க்கா.”

போனில் ஓடிய பாட்டை நிறுத்தினேன்.

“என்ன அம்மணி சொல்ற?”

“எங்க மொட்டை மாடிக்குத் தேனீயே வர்றதில்லீங்க. அதான் ஆண் பூவைப் பறிச்சு, பெண் பூவுல அவரே தடவி உடறாருங்க.”

“காய் புடிச்சுதா?”

“ஒண்ணு நின்னுருக்குதுங்க்கா.”

“சர்க்கரைக்கு டாக்டர் காய் நெறையத் தின்னச் சொல்லியும், தட்டோரமா ஒதுக்கிப்போடறாருன்னு அழுதயே. இதையாச்சும் திம்பாரா?”

“நானும் கேட்டனுங்க. ‘கல்யாணத்தை நடத்தி வெச்சவன் பந்தியில உக்காராமப் போவனா?’ங்கறாரு.”