குசினி இணைப்பில் இல்லை

— இதுக்குள்ள இருந்த பற்றரி ரெண்டும் எங்கை, அண்ணி?

— உங்கைதான் எங்கையும் கிடக்கும், மச்சாள். முதல்ல ஜாக்கெட்டைக் கழட்டுங்கோ. வின்டர்தூரில இருந்து வந்து இறங்கினதும் இறங்காததுமா ஹீட்டருக்குப் பக்கத்தில குந்திட்டியள். தேத்தண்ணி போடட்டோ?

— தேத்தண்ணி பிறகு. ஒரு மாசமா இந்தக் குசினித் தெர்மோஸ்டாட் என்னை விசராக்குது. செவ்வாயும் வியாழனும் காலமை, சொல்லி வைச்ச மாதிரி லைனில இருந்து காணாமல் போகுது. மத்தியானம் திரும்பி வருது. சுவர் தடிப்போ எண்டு யோசிச்சன். மேல் வீட்டுக்காரரின்ர மிஷின் ஏதும் குழப்புதோ எண்டு யோசிச்சன். வேலையில எல்லாரிட்டையும் கேட்டன், ஒருத்தனுக்கும் விளங்கேல்லை. கடைசியில மூடியைத் திறந்தால் உள்ள வெறும் ஓட்டை!

— ரீவி ரிமோட்டுக்கு எடுத்தனான் போல.

— ரிமோட்டுக்குப் போடுறது சின்னன். இது பெரிசு. பொய் சொல்ல வராட்டில் சொல்லாதேங்கோ அண்ணி, பாக்கப் பாவமா இருக்கு.

— பருப்புப் பேணிக்குள்ள கிடக்கு. நீங்கள் பாக்க வாறியள் எண்டு இண்டைக்கும் கழட்டினனான்.

— பருப்புப் பேணிக்குள்ளயோ!

— ஓம். மற்ற இடமெண்டால் அவர் கண்டிடுவார். பருப்புப் பேணியை அவர் திறக்கமாட்டார்.

— பிரவீனன் அண்ணாவோ? அவன் சமையல்காரன். ரெஸ்ரோறன்ரில விடிஞ்சால் பொழுதுபட்டால் பேணி திறக்கிறவன்.

— அது அங்கை. வீட்டுக் குசினியில அவர் தண்ணி குடிக்க மட்டும்தான் வருவார். மச்சாள், கோவிக்காதேங்கோ, சும்மா ஒண்டு கேக்கட்டோ? இதுக்குள்ள கமரா இருக்கோ?

— தெர்மோஸ்டாட்டுக்குள்ளயோ? இல்லை.

— நாங்கள் கதைக்கிறது கேக்குமோ?

— கேக்காது. கண்ணும் இல்லை, காதும் இல்லை. அறை எவ்வளவு வெக்கை எண்டு பாக்கும், காத்தில எவ்வளவு ஈரம் எண்டு பாக்கும், அவ்வளவுதான். குளிர்ந்தால் உள்ள இருக்கிற சின்ன மோட்டர் சுத்தி, சுடுதண்ணி வாற வழியைத் திறந்துவிடும். காணுமெண்டால் மூடும்.

— அதுதானோ ராவில கிர்ர் எண்டு சத்தம்? வந்த புதுசில நான் எலி எண்டு நினைச்சுத் தும்புத்தடியோட காவல் நிண்டனான். அவர் எழும்பி வந்து, "சுவிஸில எலியும் விசா இல்லாமல் வராது, படும்" எண்டார்.

— அண்ணான்ர பகிடி அப்பிடித்தான். அவனே சிரிப்பான்.

— வயர் ஒண்டும் இல்லாமல் இது எப்பிடி உங்கட போனோட கதைக்குது?

— கொறிடோரில ஒரு வெள்ளைப் பெட்டி வைச்சனான் எல்லோ, இன்ரர்நெட் பெட்டிக்குப் பக்கத்தில. வீட்டில இருக்கிற எல்லாத் தெர்மோஸ்டாட்டும் அதுக்குச் சொல்லும். அது எனக்குச் சொல்லும்.

— ஜன்னல் திறந்தால்? ஜன்னலில நீங்கள் ஒண்டும் பூட்டேல்லையே.

— சடாரெண்டு வெக்கை இறங்கும்தானே. அதை வைச்சு விளங்கிக்கொள்ளும், ஆரோ ஜன்னலைத் திறந்திட்டினம், இனி வெளிய இருக்கிற மரத்தையோ சூடாக்கிறது எண்டு. கொஞ்ச நேரத்துக்கு மூடிப்போட்டு இருக்கும்.

— கெட்டிக்காரச் சாமான். அப்ப சோறு?

— என்ன சோறு?

— நான் சோறு வைச்சனோ வைக்கேல்லையோ எண்டு இதுக்குத் தெரியுமோ?

— இதுக்குச் சோறும் தெரியாது, கறியும் தெரியாது. ஆனா... பொறுங்கோ, இஞ்சை வாங்கோ, என்ர போனைப் பாருங்கோ. இது நேற்று. இந்த நீலக் கோடு ஈரம். பத்தரை மட்டில மலை மாதிரி ஏறுது, பாத்தியளோ? அது உங்கட பானை கொதிச்ச ஆவி. இது பாத்ரூம். இந்த முனை நீங்கள் குளிச்சது. பின்னேரத்து முனை அண்ணா வேலையால வந்து குளிச்சது. எவ்வளவு வடிவா விழுந்திருக்கு!

— அப்ப நான் எப்ப குளிச்சன், எப்ப உலை வைச்சன், எப்ப ஜன்னல் திறந்தன் எண்டு எல்லாம் இதில சொல்லலாம்.

— சொல்லலாம். ஆனா ஆருக்கு உது வேலை? ஆர் உதைப் போய்ப் பாக்கப் போகினம்?

— உங்கட அண்ணா.

— என்ன?

— வந்து சப்பாத்துக் கழட்டேக்கையே கேப்பார். "இண்டைக்குப் பன்னிரண்டுக்குத்தானோ உலை வைச்சனீர்?" "பாத்ரூம் ஜன்னலை என்னத்துக்கு அவ்வளவு நேரம் திறந்து விட்டனீர்?" எண்டு. முதல் நாள் நான் பயந்தே போனன். பக்கத்து வீட்டுக்காரி சொல்லியிருப்பாவோ எண்டு நினைச்சன். அந்த மனுசி என்னோட "குறுயெற்சி" எண்டு வணக்கம் சொல்லுறதுக்கு மேல ஒரு சொல்லுக் கதைச்சதில்லை. பிறகு யோசிச்சன், பகலில வீட்டில என்னோட இருக்கிறது ஹீட்டரில பூட்டின இந்த வெள்ளைத் தலையள் மட்டும்தானே எண்டு. அதாலைதான் போன மாசம் பற்றரியைக் கழட்டத் தொடங்கினன்.

— பூட்டின அண்டைக்கு நான்தான் அவனுக்கும் ஆப்பில அழைப்பு அனுப்பினனான். ஊரில இருந்து வாற பிள்ளை குளிரில நடுங்கக்கூடாது எண்டு கலியாணப் பரிசாத் தந்த சாமான் இது! அதை வைச்சுப் பெண்சாதி குளிக்கிற நேரம் பாக்கிறானோ? வெக்கங்கெட்டவன்!

— மெல்லமாக் கதையுங்கோ மச்சாள்.

— ஏன் மெல்லமா? இதுக்குக் காதில்லை எண்டு சொன்னனே. சரி, செவ்வாயும் வியாழனும் எங்கை போறியள்?

— ஒருத்தருக்கும் சொல்லமாட்டியளோ?

— நீங்கள் வேற ஆளை வைச்சிருந்தாலும் சொல்லமாட்டன்.

— சீ! வாயைப் பார்! டொச் பாஷை வகுப்புக்குப் போறன், மச்சாள். பஸ் எடுக்கிற இடத்துக்குப் பின்னால, சேர்ச் மண்டபத்தில. எல்லா நாட்டுக்காரரும் இருக்கிறம். எனக்குப் பக்கத்தில ஒரு எரித்திரியாக்காரி. நான் ஒரு பிழை விட்டால் அவவும் அதே பிழையை விடுவா, துணைக்கு. ரீச்சர் எங்கள் ரெண்டு பேரையும் இரட்டைப் பிள்ளையள் எண்டுதான் கூப்பிடுறவ.

— டொச் படிக்கவோ களவாப் போறியள்? ஊரெல்லாம் டொச் கதைக்கிற இந்த ஓஸ்டர்முண்டிகனில இருந்துகொண்டு?

— கார்த்திகையில அவரிட்டைக் கேட்டனான். அம்மாவைக் கேட்டுச் சொல்லுறன் எண்டார். மாமி, முதல் ஒரு பிள்ளை பிறக்கட்டும், டொச் எங்கையும் ஓடிப்போகாது எண்டா. லண்டன் பெரியமாமியும் அதைத்தான் சொன்னாவாம். பிள்ளையைக் காணேல்லை. நான் வகுப்பில சேர்ந்திட்டன். வாற வியாழன் பரீட்சை. பாஸ் பண்ணினால் வயோதிபர் இல்லத்தில வேலை பழக இடம் கேக்கலாம் எண்டு ரீச்சர் சொன்னவ.

— இதை நீங்கள் முதலே எனக்குச் சொல்லியிருக்க வேணும்.

— நீங்கள் அவற்ற தங்கச்சி. எப்பிடிச் சொல்லுறது? மச்சாள், நான் இஞ்சை வந்து ஒண்டரை வருசம். டொக்டரிட்டைப் போனாலும் என்ர வயித்து நோவை அவர்தான் சொல்லுறார். நான் வலப்பக்கம் எண்டு சொல்ல, அவர் இடப்பக்கம் எண்டு சொல்லிப்போட்டார். டொக்டர் இடப்பக்கத்தை அமத்தி அமத்திப் பாத்திட்டு, ஒண்டும் இல்லை, சந்தோசமாப் போங்கோ எண்டு அனுப்பிவிட்டார்.

— ஐயோ, அண்ணி.

— அதுதான் கேக்கிறன். நீங்கள் நல்ல மனசோடதான் வந்தியள். ஆனா இதைத் திருத்தாதேங்கோ. பழுதாப் போச்சு எண்டு சொல்லிப்போட்டுப் போங்கோ. வியாழன் போனால் காணும்.

— பழுதோ? நான் பூட்டினது பழுது எண்டு நானே சொல்லுறதோ?

— எனக்காக, மச்சாள்.

— எனக்கு உங்களில கோபம் இல்லை. எங்கட வீட்டில முதல் பட்டம் எடுத்தவள் எண்டு அம்மா என்ர படத்தைப் பெரிசாக்கிச் சாமிப்படங்களோட வைச்சிருக்கிறா. பின்னேரத்தில எனக்கும் சேர்த்துத்தான் விளக்குக் காட்டுறா. அதே மனுசிக்கு மருமகள் நாலு வசனம் டொச் படிச்சால் கசக்குதாம். பத்தி எரியுது எனக்கு. சரி, கிடக்கட்டும். பழுது எண்டால் புதுசு பூட்டச் சொல்லுவான். வேற வழி பாப்பம். கேத்தில் இருக்கோ?

— இருக்கு. தேத்தண்ணிக்கோ?

— இல்லை, அண்ணாவுக்கு. பற்றரியை எடுத்துத் தாங்கோ, போடுவம். இப்ப தண்ணியைக் கொதிக்க வையுங்கோ. கொதிச்சிட்டுதோ? மூடியைத் திறந்து இதுக்குக் கிட்டப் பிடியுங்கோ. இன்னும் கிட்ட. கையைச் சுட்டுப்போடாதேங்கோ.

— ஏறுதோ மச்சாள்?

— பொறுங்கோ, இது ஆறுதலாத்தான் யோசிக்கும். ஐம்பது... அறுபது... எழுபது! பாருங்கோ, பெரிய பானை நிறையக் குத்தரிசி கொதிக்கிற மாதிரிக் காட்டுது!

— வெறும் சுடுதண்ணிக்கோ? நான் இதைக் கெட்டிக்காரச் சாமான் எண்டு சொன்னனே!

— நேரம் குறிச்சு வைக்கிற பிளக் ஒண்டு வாங்கி, றைஸ் குக்கரை அதில கொழுவிவிடுவம். நீங்கள் வகுப்பில இரட்டைப் பிள்ளையோட பிழை விட்டுக்கொண்டு இருக்கேக்க, இஞ்சை அது தன்ர பாட்டில கொதிக்கும். அண்ணா போனைப் பாத்திட்டு, ஆகா, மனுசி சமைக்கிறா எண்டு குளிர்ந்து போயிருப்பான்.

— பாத்ரூமுக்கு?

— அதுக்கும் ஒரு கேத்தில்.

— ஜன்னலுக்கு?

— ஜன்னலுக்கு ஐஸ்கட்டி கட்டித் தொங்கவிடுவம்... அண்ணி, நிப்பாட்டுங்கோ. சிரிக்காதேங்கோ. என்ன விசர் வேலை பாக்கிறம் நாங்கள்? ஒரு பொம்பிளை வகுப்புக்குப் போறதுக்கு வீடு முழுக்க ஆவி காட்ட வேணுமோ? கேத்திலை வையுங்கோ அங்கால. நான் அவனுக்கு எடுக்கிறன்.

— வேண்டாம் மச்சாள்! அவர் வேலையில!

— சனிக்கிழமை பின்னேரம் அவனுக்கு இடைவேளை. ரெஸ்ரோறன்ர் பின்கதவடியில புகைச்சுக்கொண்டு நிப்பான். சத்தமாப் போடுறன், நீங்களும் கேளுங்கோ. அண்ணா!

— என்னடி கிருசி? சரிவந்திட்டுதோ உன்ர மிஷின்?

— மிஷினுக்கு ஒண்டும் இல்லை. நீதான் பழுது. வெக்கமில்லையோ உனக்கு? பெண்சாதி எப்ப குளிச்சா, எப்ப உலை வைச்சா எண்டு ஆப்பைத் திறந்து வைச்சுக்கொண்டு பாக்கிறியாம். நீ புருசனோ, காவல்காரனோ?

— என்ன ஆப்?

— நடிக்காதை. நான் அழைப்பு அனுப்பின ஆப்.

— அதை நான் போடவே இல்லை. பாஸ்வேர்டுக்குப் பெரிய எழுத்து வேணும், சின்ன எழுத்து வேணும், இலக்கம் வேணும் எண்டு கேட்டுது. போ எண்டு விட்டிட்டன்.

— பொய்!

— உன்ர போனிலயே பார், நான் அதுக்குள்ள இருக்கிறனோ எண்டு.

— பாக்கிறன் பொறு. முதல் பேர் கிருசிகா. அடுத்தது... அழைப்பு ஏற்கப்படவில்லை.

— கண்டியோ? சும்மா ஆளைப் பிடிச்சுக் கடிக்கிறாய்.

— அப்ப பன்னிரண்டு மணிக்கு உலை வைச்சது உனக்கு எப்பிடித் தெரியும்?

— அம்மா சொல்லுவா. பீலில தன்ர வீட்டில இருந்து நான் வேலையில நிக்கேக்க போன் எடுப்பா. "குசினி இன்னும் காய்ஞ்சு கிடக்குதாம், மருமகள் எழும்பேல்லையோ" எண்டு. நான் கேட்டனான் எண்டு சொன்னால்தான் விடுவா. அதாலை வீட்டை வந்து கேப்பன். அவ்வளவுதான்.

— அவ்வளவுதானோ! அம்மாவுக்கு ஆர் சொன்னது?

— என்னடி தெரியாத மாதிரிக் கேக்கிறாய்? நீதானே சொல்லுறாய்.

— நானோ?

— குடும்ப வட்ஸ்அப் குறூப்பில உன்ர பேரிலதானே ஒவ்வொரு நாளும் வருது, குசினி ஈரம் இவ்வளவு, பாத்ரூம் ஜன்னல் திறந்திருக்கு எண்டு. அம்மா அதை உரத்து வாசிச்சு வொய்ஸ் போடுவா, என்ர பிள்ளை செய்த மிஷின் எண்டு. பெரியமாமி லண்டனில இருந்து கைதட்டுற படம் போடுவா. செவ்வாய்க்கிழமை "குசினி இணைப்பில் இல்லை" எண்டு வந்தால், "மருமகள் இணைப்பில் இருக்கிறாவோ" எண்டு சித்தப்பா பகிடி விடுவார். நீ ஒண்டும் பாக்கிறேல்லையோ?

— நான் அந்தக் குறூப்பின்ர சத்தத்தை நிப்பாட்டி வைச்சிருக்கிறன். சித்தப்பான்ர காலை வணக்கப் பூக்களுக்குப் பயந்து. திறந்தே பாக்கிறேல்லை. அண்ணா, பூட்டின அண்டைக்கு எல்லாருக்கும் காட்ட எண்டு ஒரு சின்னப் புரோகிராம் எழுதி அதில விட்டனான். அண்டைக்கு மட்டும். நிப்பாட்ட மறந்து... ஐயோ. அது இப்பவும் ஓடுதோ?

— ஓடுதோவோ? இப்ப நீ எடுக்கிறதுக்குக் கொஞ்சம் முன்னமும் வந்தது, குசினி ஈரம் எழுபது எண்டு. அம்மா உடன போட்டிட்டா, மத்தியானம் திரும்பின பிறகு என்ன சமையல், விருந்தோ எண்டு.

— ஷைஸ! அண்ணி, அப்பிடிப் பாக்காதேங்கோ. எனக்குத் தெரியாது. சத்தியமாத் தெரியாது. பட்டம் எடுத்த மண்டைக்குள்ள ஒண்டுமில்லை எனக்கு. இப்பவே நிப்பாட்டுறன், லப்டொப் பைக்குள்ளதான் கிடக்கு.

— என்னடி நடக்குது அங்கை? இதுக்கேன் நீ இந்தத் துள்ளுத் துள்ளுறாய்? மதுஜா பக்கத்தில நிக்கிறாவோ?

— நிக்கிறன். மச்சாள், போனை இஞ்சை தாங்கோ. இஞ்சேருங்கோ, செவ்வாயும் வியாழனும் நான் டொச் படிக்கப் போறனான். பற்றரியைக் கழட்டினது நான்தான்.

— டொச்சோ? எனக்குச் சொல்லியிருக்கலாமே நீர்.

— சொன்னனான். கார்த்திகையில. அம்மாவைக் கேட்டுச் சொல்லுறன் எண்டியள். அம்மா வேண்டாம் எண்டதைத்தான் வந்து சொன்னியள், நீங்கள் என்ன நினைக்கிறியள் எண்டு இண்டுவரைக்கும் சொல்லேல்லை.

— மதுஜா, அது அப்பிடியில்லை... இப்ப அம்மாவுக்கு இது தெரிஞ்சால்—

— தெரியவராது! இந்தா லப்டொப்பைத் திறந்திட்டன், அண்ணி. இதில ஒரு தட்டுத் தட்டினால் சரி. இனி உங்கட உலையும் குளிப்பும் ஒருத்தருக்கும் போகாது. வியாழக்கிழமை நிம்மதியாப் பரீட்சைக்குப் போங்கோ.

— தட்டாதேங்கோ மச்சாள், அது ஓடட்டும். குடும்பக் குறூப் எண்டு ஒண்டு இருக்குது எண்டு எனக்கு இண்டைக்குத்தான் தெரியும். முதல்ல என்னையும் அதுக்குள்ள சேர்த்துவிடுங்கோ, வியாழக்கிழமை குசினி ஏன் காய்ஞ்சு கிடக்குது எண்டு நானே அதில எழுதுறன்.