ஒன்றுமே நடக்காத பிரிவு

முதலில் ஒரு சின்ன விஷயம், மேடம். உங்கள் தலைக்கு மேல் சுற்றுகிற மின்விசிறியின் பேரிங் போய்க்கொண்டிருக்கிறது. ‘கிறுக் கிறுக்’ என்று மெல்லிசாக ஒரு சத்தம் வருகிறதே, அதுதான். இன்னும் கொஞ்ச நாளில் நின்றுவிடும். அப்போது நாலு பேர் ஏணியைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவார்கள். இப்போதே பார்த்தால் ஒரு ஆள் போதும். முன்கூட்டியே சொல்வது என் தொழில். கேட்பது யாருடைய தொழில் என்பதுதான் இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

எழுதுகிறவர் தயார் என்றால் ஆரம்பிக்கிறேன். நிதானமாகவே சொல்கிறேன். அவசரத்தில் இறுக்கிய போல்ட் எதுவும் நேராக உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

கல் அரைக்கிற ஆலையில் கியர்பாக்ஸ் பராமரிப்புக்கு நான் பொறுப்பு. மோட்டார் வேகமாகச் சுற்றும், ஆனால் அதற்குத் தம் இல்லை. கியர்பாக்ஸ் அந்த வேகத்தைக் குறைத்து வலுவாக மாற்றிக் கொடுக்கும். மலை மாதிரி கல்லை மேலே இழுக்கிறதும் அதுதான், அரைக்கிறதும் அதுதான். அது உடையாமல் பார்த்துக்கொள்வது என் வேலை. எண்ணெய் அளவு பார்ப்பேன். நாள் தவறாமல் எண்ணெய் மாற்றுவேன். உடம்பில் கை வைத்துச் சூடு பார்ப்பேன். எண்ணெய் வடிக்கும் திருகின் முனையில் ஒரு காந்தம் இருக்கும். அதில் இரும்புத் தூள் ஒட்டியிருந்தால் உள்ளே பல் தேய்கிறது என்று அர்த்தம். காய்ச்சல் வருவதற்கு முன்பே மருந்து கொடுக்கிற வேலை. அதனால் காய்ச்சலே வராது. வராத காய்ச்சலுக்கு யார் நன்றி சொல்வார்கள்?

எங்கள் ஆலையில் இன்னொருவர் இருந்தார். உடைந்ததைச் சரி செய்கிற குழுவின் தலைவர். எல்லாரும் அவரை ‘டாக்டர்’ என்பார்கள். தன் பக்கத்து மெஷின்களை உடையும்வரை திரும்பிப் பார்க்கவே மாட்டார். உடைந்ததும் முகமெல்லாம் கிரீஸைப் பூசிக்கொண்டு, பனியனோடு மெஷினுக்குள் தலையை விட்டுக்கொண்டு கிடப்பார். வெளியே மேனேஜர் கையைப் பிசைந்துகொண்டு நிற்பார். கடைசியில் மெஷின் ஓடும். ஆலையே கை தட்டும். அதை உடைய விட்ட மகானும் அவர்தானே என்று ஒருத்தருக்கும் தோன்றாது. பாவம், கை தட்டுகிற நேரத்தில் யோசிக்க முடியாதுதான்.

ஆண்டு விழாவில் அவருக்குப் பரிசு கொடுத்தார்கள். என் மனைவியும் பக்கத்தில் உட்கார்ந்து கை வலிக்கத் தட்டினாள். “பாருங்க, எவ்வளவு கஷ்டப்பட்டு உழைச்சிருக்கார் மனுஷன்,” என்றாள். விழா முடிந்ததும் மேனேஜர் என்னிடம் வந்தார். பாராட்டத்தான் வருகிறார் என்று நினைத்துச் சட்டையை இழுத்து விட்டுக்கொண்டேன்.

“உங்க பக்கம் பிரச்சினையே வர்றதில்லையே. அப்புறம் எதுக்கு உங்களுக்கு இத்தனை ஆளு?” என்றார்.

அடுத்த வாரமே என் ஆட்களில் பாதிப் பேர் டாக்டர் குழுவுக்குப் போனார்கள். நான் நன்றாக வேலை செய்ததற்கு எனக்குக் கிடைத்த ஒரே அங்கீகாரம் அது. எனக்குக் கோபம் வரவில்லை, மேடம். கணக்குதான் புரிந்தது. இந்த ஊரில் நோயாளி வேண்டும். நோயாளி இல்லாத வைத்தியன் சோம்பேறி.

மிச்சமிருந்தவர்களில் ஒருவன் என் மச்சினன். என் மனைவிக்குத் தம்பி. அவள்தான் அவனை வளர்த்தாள் என்றே சொல்லலாம். அந்த வேலையை நான்தான் வாங்கிக் கொடுத்தேன். ஆலையில் என்னை ‘சார்’ என்று கூப்பிடச் சொல்லியிருந்தேன். ஆனால் வாயைத் திறந்தால் ‘அத்தான்’தான் முதலில் வரும், அப்புறம் நாக்கைக் கடித்துக்கொண்டு ‘சார்’ வரும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் மெஷின்கள் ஓடுகிற கூடத்தில் கொஞ்ச நேரம் சும்மா நின்றான். “அத்தான்... சார், அங்கெல்லாம் பேசினா காது கேக்கல. உங்க இடத்துல கோயில் மாதிரி இருக்கே,” என்றான். இத்தனை வருஷத்தில் என் வேலையைக் காதால் கேட்டுப் பாராட்டியவன் அவன் ஒருவன்தான். ஆனால் வீட்டு மனுஷன் சொல்வதை எல்லாம் பாராட்டில் சேர்த்துக்கொள்ள முடியுமா, சொல்லுங்கள்.

முதல் தடவை நான் பெரிதாக எதுவும் செய்யவில்லை. கலவை மெஷினின் கியர்பாக்ஸில் வடிகால் திருகை ஒரு சுற்றுத் தளர்த்தி வைத்தேன், அவ்வளவுதான். எண்ணெய் சொட்டிச் சொட்டி இறங்கியது. மத்தியானம் கியர்பாக்ஸ் ஊளையிட ஆரம்பித்தது. எல்லாரும் ஓடி வந்தார்கள். நான் மட்டும் நடந்து வந்தேன். உடம்பில் கை வைத்தேன், காதை வைத்துக் கேட்டேன், நிறுத்தச் சொன்னேன், எண்ணெய் ஊற்றினேன், திருகை இறுக்கினேன். மெஷின் ஓடியது. மேனேஜர் என் தோளில் கை போட்டார். ஆலையில் சேர்ந்த நாளிலிருந்து அவருக்கு என் பெயர் தெரியும் என்பதே அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

அன்று சாயங்காலம் மனைவி டீ கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். “தம்பி சொன்னான். நீங்க மட்டும் இல்லைன்னா மெஷினே போயிருக்குமாமே?” கன்னத்தில் கை வைத்துக்கொண்டு முழுக் கதையையும் கேட்டாள். திருகு, சூடு, சத்தம், எல்லாம். கல்யாணம் ஆனதிலிருந்து நான் எண்ணெயைப் பற்றிப் பேசினாலே அவளுக்குக் கொட்டாவிதான் வரும்.

அதற்குப் பிறகு அவ்வப்போது செய்தேன். ஒரு இடத்தில் காற்று போகிற துளையில் துணி அடைத்தேன். ஒரு இடத்தில் எண்ணெயில், உலோகத்தைத் தேய்த்து வழவழப்பாக்குகிற தேய்ப்புப் பொடியை ஒரு சிட்டிகை போட்டேன். எது எப்போது ஊளையிடும் என்று எனக்குத் தெரியும், அதனால் பக்கத்திலேயே இருப்பேன். எந்த மெஷினும் ஒரேயடியாகக் கெட்டுப்போக நான் விட்டதில்லை. சொல்லப்போனால் அதுவும் பராமரிப்புதான். மேனேஜர் என் ஆட்களைத் திருப்பிக் கொடுத்தார். டாக்டருக்கு வேலை குறைந்தது. அவர் வராந்தாவில் நின்று நகத்தைக் கடிப்பதைப் பார்க்கும்போது எனக்கு அவர்மேல் இரக்கம்கூட வந்தது.

என் மச்சினனுக்கு மூக்கு வேலை செய்யாமல் இருந்திருந்தால் இன்றும் எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருக்கும்.

ஒருநாள் உள்ளங்கையில் எண்ணெயை ஏந்திக்கொண்டு என் அறைக்கு வந்தான். கதவைச் சாத்தினான்.

“அத்தான், இது தேய்ஞ்சு வந்த தூள் இல்ல. காந்தத்துல ஒட்டவே மாட்டேங்குது. யாரோ போட்ட பொடி.”

“யாரு போடுவா?” என்றேன்.

“வேற யாரு? டாக்டர்தான். உங்க பேரைக் கெடுக்கப் பாக்குறான். நான் மேனேஜர்கிட்ட சொல்லப் போறேன். எண்ணெயை டெஸ்டுக்கு அனுப்பட்டும், தெரிஞ்சுடும்.”

அவன் கண் கலங்கியிருந்தது, மேடம். எனக்காக. என்னை ஒருவன் கவிழ்க்கப் பார்க்கிறான் என்று அவனுக்கு அப்படி ஆத்திரம். நான் அவன் தோளைத் தட்டிக் கொடுத்தேன். கொஞ்சம் பொறு, கையும் களவுமாகப் பிடிப்போம் என்றேன். ஆனால் பொறுக்கிற ஆள் இல்லை அவன். அன்று ராத்திரி வீட்டில் சாப்பிடும்போதே அக்காவிடம் ஆரம்பித்துவிட்டான், “அத்தானுக்கு எதிரா ஆலையில ஒரு சதி நடக்குதுக்கா,” என்று. நான் பேச்சை மாற்றினேன். அந்தப் பொடி ஆலையில் என் அலமாரியில் மட்டும்தான் இருக்கும். சாவி என் இடுப்பில் மட்டும்தான் இருக்கும். டெஸ்ட் பண்ணுகிறவர்களுக்கு அது அரை நாள் வேலை.

நீங்கள் கேட்கலாம், பழியை டாக்டர்மேல் போட்டுவிட்டுப் போயிருக்கலாமே என்று. யோசித்தேன். ஆனால் என் பொடியை எடுத்து அவர்தான் கெடுத்தார் என்றால், அவர் கெடுத்ததை அலமாரியைப் பூட்டத் தெரியாத நான் சரி செய்தேன் என்று ஆகும். அது அழகாக இல்லை. அதோடு ஒருவர்மேல் வீண்பழி போடுவது என் சுபாவம் இல்லை.

சரிவாகக் கல்லை மேலே ஏற்றுகிற பெரிய பெல்ட்டை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மோட்டார் நின்றால் அத்தனை கல்லும் பெல்ட்டோடு பின்னால் உருண்டு வர வேண்டும். வராது. கியர்பாக்ஸில் ஒரு பூட்டு இருக்கிறது. முன்னால் சுற்ற விடும், பின்னால் சுற்றப் போனால் கப்பென்று பிடித்துக்கொள்ளும். அதற்கென்று தனி எண்ணெய். வேறு மெஷினுக்கான வழுவழுப்பான எண்ணெயை அதில் ஊற்றினால் பிடி வழுக்கும். எண்ணெய்க்கு எண்ணெய் நிறத்தில் வித்தியாசம்கூடத் தெரியாது. மறுநாள் காலை பழைய எண்ணெயை முழுக்க வடித்துவிட்டு மாற்று எண்ணெயை நானே ஊற்றினேன். ஒரு சொட்டுத் தரையில் சிந்தவில்லை.

எல்லாரும் சாப்பிடப் போன நேரம். மற்ற யாருக்கும் ஒரு கீறல்கூடப் படக் கூடாது என்பதில் நான் கவனமாக இருந்தேன். மச்சினனைக் கூப்பிட்டேன். டாக்டர் பெல்ட்டின் கீழ் முனையில் உருளை சுற்றுகிற குழிக்குள் ஏதோ டப்பாவை ஒளித்து வைத்தார், நான் பார்த்தேன், எடுத்துவிட்டால் அவர் மாட்டிக்கொண்டார் என்றேன். அவன் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. குழிக்குள் இறங்குவதற்கு முன் மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டுப் போட வேண்டும் என்பது விதி. அதை அவனுக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். படியில் கால் வைத்தவன் நின்று என்னைப் பார்த்தான்.

“கரண்டை நிறுத்திடலாமா?”

“நிறுத்தினா எல்லாரும் வந்துருவாங்க. டக்குனு பாத்துட்டு வந்துரு. நான் கயிறு பக்கத்துலயே நிக்கிறேன்.”

“நீங்க இருக்கீங்கல்ல,” என்று சொல்லிவிட்டு இறங்கினான்.

அந்தக் கயிறு பெல்ட்டின் நீளத்துக்கும் ஓடும். ஆபத்து என்றால் இழுக்க வேண்டியது. இழுத்தால் மோட்டார் நின்றுவிடும். நான் இழுத்தேன். மோட்டார் நின்றது. பூட்டு பிடிக்கவில்லை. பெல்ட் ஒரு கணம் தயங்கி, அப்புறம் பின்னால் வர ஆரம்பித்தது. வேகம் பிடித்தது. மேலே இருந்த கல் முழுவதும் குழிக்குள் இறங்கியது. ஏதோ லாரி கொட்டுகிற மாதிரி சத்தம், ரொம்ப நேரம்.

சைரன் ஊதுவதற்கு முன்பே நான் எப்படி மண்வெட்டியோடு அங்கே இருந்தேன் என்று முந்தாநாள் கேட்டீர்கள். உங்களைத் தவிர வேறு யாரும் அதைக் கவனிக்கவில்லை. எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. மண்வெட்டியைக் காலையிலேயே தூணுக்குப் பின்னால் சாய்த்து வைத்திருந்தேன். தயாராக இருப்பது என் வழக்கம்.

நான் தோண்டினேன், மேடம். மண்வெட்டி உடைந்ததும் கையால் தோண்டினேன். நகம் பெயர்ந்தது. மேனேஜர் அழுதுகொண்டே தள்ளி நின்றார். டாக்டர் எனக்குக் கம்பி எடுத்துக் கொடுத்தார், நான் சொன்ன இடத்தில் முட்டுக் கொடுத்தார், ‘சரி சார், சரி சார்’ என்றார். யாரோ போட்டோ எடுத்தார்கள். முகம் கண்ணுக்குத் தெரிந்தபோது அவனுக்கு உயிர் இருந்தது. கண்ணைத் திறந்து என்னைத்தான் பார்த்தான்.

“வந்துட்டீங்களா அத்தான். நீங்க வருவீங்கன்னு தெரியும்.”

ஆம்புலன்ஸ் வாசலைத் தாண்டுவதற்குள் போய்விட்டான். இத்தனை பேர் என்னைப் பற்றிச் சொன்னதில் அந்த ஒரு வாக்கியத்தைத்தான் நான் அடிக்கடி நினைத்துப் பார்க்கிறேன். அவ்வளவு வலியிலும் ஒருவன் நன்றி சொல்ல மறக்கவில்லை.

வீட்டில் என் இரண்டு கையிலும் கட்டு. மனைவிதான் ஊட்டிவிடுகிறாள். தம்பியைக் கடைசியாகத் தொட்ட கை என்று அந்தக் கட்டைக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறாள். ராத்திரி தூக்கத்தில் அழுகிறாள். எழுந்து, என்னை எழுப்பிவிட்டோமே என்று மன்னிப்புக் கேட்கிறாள். வந்தவர்களிடம் எல்லாம் சொல்கிறாள், “இவர் உயிரைக் கொடுத்துத் தோண்டினார்,” என்று. நான் மறுக்கவில்லை. அதில் பொய் எதுவும் இல்லையே.

இப்படியே விட்டிருந்தால் நான் இங்கே வந்திருக்க மாட்டேன். நேற்று உங்கள் விசாரணைக் குழுவின் முடிவை ஆலையில் பேசிக்கொண்டார்கள். பூட்டு வேலை செய்யாததற்குக் காரணம், அந்த கியர்பாக்ஸைக் காலாகாலத்தில் யாரும் கவனிக்காதது என்று எழுதப் போகிறீர்களாம். போதிய பராமரிப்பு இல்லையாம். என் பிரிவில். டாக்டர் பக்கத்தில் நின்றுகொண்டு, “விடுங்க சார், எல்லா நேரமும் எல்லாத்தையும் பாக்க முடியுமா,” என்று எனக்கு ஆறுதல் சொல்கிறார். அந்த மனுஷன், எனக்கு.

ராத்திரி முழுக்க எனக்குத் தூக்கம் வரவில்லை. அதனால்தான் விடிந்ததும் நானாகவே வந்தேன். என்னைத் தூக்கில் போடுங்கள், உள்ளே தள்ளுங்கள், அது உங்கள் வேலை, அதில் நான் தலையிட மாட்டேன். என் மனைவியிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டியிருக்கும். அழுவாள், அப்புறம் ஏன் என்று கேட்பாள். என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள். ஆனால் அவள் தம்பி குழியில் இறங்கிய அந்த நிமிஷம் கியர்பாக்ஸில் எண்ணெய் சரியாக அளவுக் கோட்டைத் தொட்டு நின்றது, ஒரு பல் தேயவில்லை, ஒரு போல்ட் தளரவில்லை என்பதையும் மறக்காமல் சொல்லிவிடுங்கள். அவளுக்கு ஆறுதலாக இருக்கும்.