ஆடாத மேசை

பழைய கம்ப்யூட்டர் எனக்குப் பிடிக்கும், சார். கேட்காமல் எதையும் செய்யாது.

எங்கள் குளிர்பதனக் கிடங்கின் அலுவலகத்தில் இருப்பது லினக்ஸில் ஓடும் பதினான்கு வருடத்துக் கம்ப்யூட்டர் பெட்டி. லேபிள் அச்சு, சரக்கு இருப்பு, ஃப்ரீசர் அறையின் மணி, எல்லாம் அதன் தலையில்தான். அந்த அறைக் கதவின் உள்பக்கக் கைப்பிடி உடைந்து இரண்டு வருடமாகிறது. உள்ளே மாட்டிக்கொண்டவர் பொத்தானை அழுத்தினால் என் மேசையில் மணி அடிக்கும். நான் போய்த் திறப்பேன்.

"அதான் மணி இருக்குல்ல மாப்ள, கைப்பிடி எதுக்கு?" என்பார் மச்சான். அக்கா வீட்டுக்காரர். கிடங்கு அவருடையது.

பெரிய வாடிக்கையாளர் ஒருவர் புது மாதிரி லேபிள் கேட்டிருந்தார். திங்கட்கிழமை, லாரி ஓட்டுநர்களை வைத்துக்கொண்டே மச்சான் சொன்னார்: "வெள்ளிக்கிழமைக்குள்ள புது சாஃப்ட்வேர் ஓடணும். இல்லன்னா இந்தக் கிழட்டுப் பெட்டியையும் உன்னையும் ஒரே லாரில ஏத்திருவேன்."

"எங்க இறக்கணும் மொதலாளி?" என்றார் ஓர் ஓட்டுநர்.

"பழைய இரும்புக் கடையில. பெட்டிக்காவது ஏதாச்சும் தருவான்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பேரம் பேசிப் பிழைக்கிறவருக்கு அந்த வாய் வேண்டும்.

செவ்வாயன்று சாஃப்ட்வேரை இணையத்திலிருந்து இறக்கினேன். ஏற்றப் போனால், பெட்டியில் புரோகிராம்கள் பொதுவாக எடுத்தாளும் லைப்ரரி பழசு, எனக்குப் புதுசு வேண்டும் என்றது. புதுசு வந்தால் பழசு போகும். பழசை நம்பி ஓடும் புரோகிராம்களும் கூடவே போகும். கறாரான வியாபாரி மாதிரி, எதையெல்லாம் எடுத்துக்கொள்ளும் என்று பெட்டி பட்டியல் போட்டுக் காட்டியது. பட்டியலில் ஒரே ஒரு பெயர். மணி.

சாதாரணமாக ஓர் எழுத்தைத் தட்டினால் போதும். மணி அத்தியாவசியம் என்று குறிக்கப்பட்டிருந்ததால் ஒரு முழு வாக்கியம் தட்டச் சொன்னது: ஆம், நான் சொல்வதைச் செய். அத்தியாவசியம் என்று குறித்து வைத்தவன் நான்தான். பிழையில்லாமல் தட்டினேன். செவ்வாய் காலை பதினொன்று பத்து. பதிவுக் கோப்பில் நீங்களே பார்த்திருப்பீர்கள்.

பழைய லைப்ரரியைத் தனி ஃபோல்டரில் வைத்து மணியையும் ஓட்டியிருக்கலாமே என்று உங்கள் கம்ப்யூட்டர்காரர் கேட்டார். ஓட்டியிருக்கலாம். பத்து நிமிட வேலை. எனக்கும் தெரியும்.

வெள்ளி மதியம் ஆட்கள் வேலை முடிந்து போய்விட்டார்கள். மச்சான் சரக்குப் பெட்டிகளை எண்ண ஃப்ரீசர் அறைக்குக் கிளம்பினார். போனை மேசையில் வைத்தார்.

"மணி அடிக்கும்ல மாப்ள?"

"அடிக்கும் மச்சான். நீங்க போங்க."

கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க ஒரு மரக்கட்டையை முட்டுக் கொடுத்துவிட்டு உள்ளே போனார். நான் அச்சடிக்க உட்கார்ந்தேன். மேசை ஆடியது. லேபிள் கோணலாக வந்தது. மேசைக்காலுக்குக் கீழே எதை எதையோ வைத்துப் பார்த்தேன். அந்த மரக்கட்டைதான் கச்சிதமாகப் பொருந்தியது.

கனமான கதவு, சார். தானாகச் சாத்திக்கொள்ளும். ஒரு சத்தம் வெளியே வராது.

நான்கு மணிக்கு மச்சானின் போன் அடித்து ஓய்ந்தது. பிறகு என் போன். அக்கா.

"எங்கடா அவரு? போன எடுக்கவே மாட்டேங்கிறாரு."

"உள்ள எண்ணிட்டு இருக்காருக்கா."

"ரொம்ப நேரம் நிக்க வேணாம்னு சொல்லுடா, அவருக்குச் சளி."

சொல்கிறேன் என்றேன்.

மணியை மறுபடி ஏற்றியது மாலை ஆறு இருபதுக்கு. தனி ஃபோல்டர்தான். அதுவும் பதிவில் இருக்கும். ஒருமுறை அடித்துப் பார்த்தேன், கணீரென்று அடித்தது. அப்புறம் போய்க் கதவைத் திறந்தேன்.

நான்தான் கொன்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும் என்றார், முடித்துக் கொடுத்திருக்கிறேன். லேபிள்களை எடுத்துப் பாருங்கள். நானூற்றுப் பன்னிரண்டு. ஒன்றுகூடக் கோணவில்லை.