ஞாயிறுதோறும் அண்ணிக்கு ஓர் அழைப்பு

பணி ஓய்வு பெறும் எங்கள் டெலிஃபோன் எக்ஸ்சேஞ்ச் அக்காவுக்கு மனநல மருத்துவமனைப் பணியாளர்கள் மனமுவந்து அளிக்கும் மடல்

முப்பத்துமூன்று ஆண்டுகள் முகம் காட்டாமலே இம்மருத்துவமனையின் முகவரியானவரே! பதறி அழைத்தோர்க்குப் பதறாத பதிலே! கலங்கிய குடும்பங்களுக்குக் காது கொடுத்த கருணையே! வணக்கம்.

"கொலைகாரங்க இருக்கற இடமாமே?" என்று பஸ்ஸில் கேட்டவரிடம், "இருநூறு பேர் இருக்காங்க. இதுவரைக்கும் என்னைக் கடிச்சது வாசல் கேட்டுல இருக்கற நாய் மட்டும்தான்" என்றவர் நீங்கள். மனநோயாளிகளில் மிகப் பலர் எவர்மீதும் கை ஓங்குவதில்லை, அடிபடுவோரே அவர்களில் அதிகம் என்பதைச் சலிக்காமல் சொன்னீர்கள்.

புகழ்ந்துவிட்டு மேடையிறங்க நீங்கள் விடவில்லை. "அந்த வெள்ளிக்கிழமையையும் எழுதுங்க, இல்லன்னா மடலே வேண்டாம்" என்றீர்கள். எழுதுகிறோம்.

பத்தாண்டுகளுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை. தச்சு வேலை செய்யும் ஒருவரின் அண்ணன் அழைத்தார். "தம்பி மருந்தை நிறுத்திட்டான். நான் சோத்துல விஷம் வைக்கிறேன்னு அவன் காதுல யாரோ சொல்றாங்களாம். இப்பவே கூட்டிட்டு வரட்டுங்களா?" வார்டில் கேட்டீர்கள், படுக்கை இல்லை என்றார்கள். "திங்கட்கிழமை வாங்க" என்றீர்கள். ஞாயிறன்று தம்பியின் உளிக்கு அந்த அண்ணன் பலியானார். நோயின் பிடியில் செய்தது என்று கண்ட நீதிமன்றம், தச்சரை நம்மிடமே அனுப்பியது. வெள்ளியன்று இல்லாத படுக்கை அப்போது இருந்தது.

சொன்னது வார்டு, சுமந்தது நீங்கள்! அதன்பின் எவரையும் நீங்கள் திங்கட்கிழமைக்குத் தள்ளவில்லை. டியூட்டி டாக்டர் சாப்பாட்டில் கை வைத்திருந்தாலும் லைனுக்கு இழுத்து வந்தீர்கள். டாக்டர்கள் முணுமுணுத்தார்கள், எத்தனையோ வீடுகள் பிழைத்தன.

மருந்தில் தெளிந்த தச்சர் கேட்டது ஒன்றே: "அண்ணிகிட்ட பேசணும்." ஞாயிறுதோறும் அழைத்தீர்கள். அந்த அம்மா எடுப்பார். மருத்துவமனை என்றதும் வைத்துவிடுவார். ஆறுதலுக்கென்று ஒரு பொய்கூட நீங்கள் சொன்னதில்லை. "எடுத்தாங்க. பேசல." அது போதுமென்று தச்சர் வார்டுக்குத் திரும்புவார்.

ஏழாம் ஆண்டில் மறுமுனை கேட்டது: "மருந்து சாப்பிடறானா?"

"ஒரு வேளைகூடத் தவறலம்மா."

அன்றுமுதல் வாரந்தோறும் அந்த ஒரு கேள்வி, உடனே துண்டிப்பு. இரண்டாண்டுகளுக்கு முன்பே, வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர்கள் எழுதினார்கள், நீதிமன்றமும் அனுமதித்தது. போக வீடுதான் இல்லை.

சென்ற ஞாயிறு, "அடுத்த வாரம் நான் இல்லம்மா, வேற ஆள் கூப்பிடுவாங்க" என்றீர்கள். இம்முறை துண்டிக்காமல், "அவன்கிட்ட குடுங்க" என்றார் அந்த அம்மா. தச்சர் பிறகு எங்களிடம் சொன்னார், அண்ணி பேசியது இவ்வளவுதான்: "அந்த வெள்ளிக்கிழமை அவரு உன்னைப் பிடிச்சுக் குடுக்க ஃபோன் பண்ணல. உன்னைக் காப்பாத்தத்தான் பண்ணாரு. தெரிஞ்சுக்க." அழைப்பு நின்றது. ரிசீவரை இறக்கத் தச்சருக்கு மனம் வரவில்லை. கேட்டு வாங்க உங்களுக்கும் மனம் வரவில்லை.

அன்பின் அக்கா! நோயணுகா உடலும் நிம்மதி நிறைந்த உறக்கமும் பெற்று, பேரப்பிள்ளைகளின் பேச்சில் பொழுது மறந்து நீடூழி வாழ்க! உங்கள் நாற்காலிக்கு வேறொருவர் வருவார். பழகாத குரலுக்கு அந்த அண்ணி பதில் சொல்வாரா, நாங்கள் அறியோம். ஞாயிறன்று அழைப்பீர்களா என்று தச்சர் இப்போதே கேட்கத் தொடங்கிவிட்டார். அழைப்போம்.

பிரிய மனமின்றி,
மருத்துவமனைப் பணியாளர்கள் அனைவரும்