ராய்ஸை என் பேரில் எழுதுங்கள்

பழைய துப்பாக்கி வாங்குவதாக இருந்தால் முதலில் குழலுக்குள் பார்க்க வேண்டும், பிக்கெட் சார். வெளியே துரு இருந்தால் பரவாயில்லை. உள்ளே சுத்தமாக இருந்தால் போதும்.

என்னுடையதை ஒரு வீட்டு வாசல் விற்பனையில் வாங்கினேன். தையல் மெஷினுக்கும் குழந்தைக் கட்டிலுக்கும் நடுவில் சாத்தி வைத்திருந்தார்கள். நூற்றிருபது டாலர். கட்டையில் விரிசல், அதன்மேல் கறுப்பு டேப். முன்பிடியைப் பின்னால் இழுத்து முன்னால் தள்ளினால்தான் அடுத்த தோட்டா ஏறும். விற்ற அம்மாள் சின்ன ரவை நிரப்பிய தோட்டாவும் அரைப் பெட்டி சும்மா கொடுத்தார். பள்ளிக்கூடச் சமையலறையில் பரிமாறுகிறவளுக்கு அது போதும். என் கணவர் ஹார்லனும் அவருடைய அண்ணன் ராய்ஸும் வைத்திருந்தவை தானாகத் தோட்டா ஏற்றிக்கொள்பவை. விலையும் அதிகம், கொஞ்சம் சேறு பட்டால் சிக்கிக்கொள்ளவும் செய்யும்.

"இது என்ன வெல்டா, பாத்ரூம் பைப்பா?" என்று கேட்டார் ராய்ஸ். "தண்ணி வருதான்னு பாத்து வாங்கினியா?"

"விடுண்ணே," என்றார் ஹார்லன். "அவ வாத்துக்குப் பயம் காட்டட்டும். சுடுறத நாம பாத்துக்குவோம்."

நானும் சிரித்தேன். அது பதினோரு வருடத்துக்கு முன்னால்.

வாத்து வேட்டைக்கு நாங்கள் ஒளிந்து உட்காரும் மறைப்பு எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். அறுவடை முடிந்து தண்ணீர் கட்டிய நெல்வயல், நாணல் தட்டி, ஒரு பெஞ்சு. நடுவில் ராய்ஸ் உட்கார்ந்து வாத்து மாதிரிக் கத்தும் ஊதலை ஊதுவார். வலது பக்கம் ஹார்லன், இடது பக்கம் நான். காலடியில் பிஸ்கட், ஹார்லனின் நாய். இரண்டு பேர் ஒரே நேரத்தில் சுட்டு ஒரு வாத்து விழுந்தால், "என்னோடது" என்று முதலில் சொல்பவருக்கே அது சொந்தம். தகராறு வந்தால் மூத்தவர் சொல்வதுதான் தீர்ப்பு. இந்த மாவட்டத்தில் எல்லா மறைப்பிலும் இதுதான் வழக்கம்.

எனக்குப் பேச்சு சீக்கிரம் வராது. நான் வாய் திறப்பதற்குள் ஹார்லன் சொல்லியிருப்பார். பிஸ்கட் வாத்தைக் கொண்டுபோய் அவர் கையில் வைத்திருக்கும்.

ஹார்லன் பொய்யர் அல்ல. இதை மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள். விழுவதெல்லாம் தன்னால்தான் விழுகிறது என்று அவர் உண்மையாகவே நம்புகிறார். ஒரு தடவை அவருடைய துப்பாக்கி சிக்கிக்கொண்டு ஒரு தோட்டாகூடச் சுடவில்லை. அப்போதும் "என்னோடது" என்றார். ராய்ஸும், "பின்ன? சிக்குறதுக்கு முன்னாடியே சுட்டிருப்பான்" என்று தீர்ப்புச் சொன்னார்.

வேட்டைப் பருவம் முடிந்ததும் தீயணைப்பு நிலையத்தில் விருந்து நடக்கும். யார் எத்தனை அடித்தார்கள் என்று ராய்ஸ்தான் மைக்கில் வாசிப்பார். என் பேர் வரும்போது கொஞ்சம் நிறுத்துவார். "வெல்டா அடிச்சது காத்து. நல்லாக் கொழுத்த காத்து." எல்லோரும் மேசையைத் தட்டிச் சிரிப்பார்கள். பதினோரு வருடமும் அதே நகைச்சுவைதான். நான் குறை சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

போன வாரம் ஊசிவால் வாத்து ஒன்று தனியாக வந்தது. ராய்ஸ் ஊதிக்கொண்டிருந்தார். ஹார்லன் குனிந்து ஃபிளாஸ்கிலிருந்து காப்பி ஊற்றிக்கொண்டிருந்தார். சுட்டது நான் மட்டும்தான். நிஜ வாத்துகளை ஏமாற்றி இறக்க நாங்கள் மிதக்கவிட்டிருந்த பொம்மை வாத்துகளுக்கு நடுவில் அது விழுந்தது. "என்னோடது," என்றேன். வாழ்க்கையில் முதல் தடவை, சத்தமாகவே சொன்னேன்.

ராய்ஸ் ஊதலை வாயிலிருந்து எடுத்தார். "ஹார்லன், நீ சுட்டியா?"

"நான் காப்பி ஊத்திட்டிருந்தேன். ஆனா நேத்து ஒரு ஊசிவாலுக்கு என் அடி பட்டுச்சே, ஞாபகமிருக்கா? தப்பிச்சுப் போச்சே?"

"அதான் இது," என்றார் ராய்ஸ். "நேத்தே செத்துருச்சு. இன்னிக்குத்தான் விழுந்திருக்கு."

பிஸ்கட் அதை ஹார்லனிடம் கொடுத்தது.

எனக்குக் கோபம் வரவில்லை சார். வீட்டுக்கு வந்து அந்த வாத்தின் இறகைப் பிடுங்கிச் சுத்தம் செய்து வறுத்தேன். ஹார்லன் இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பாத்திரம் கழுவும்போது நிதானமாக யோசித்தேன். வாத்து என்றால் எப்போதும் சந்தேகம் வரும். எல்லா வாத்தும் ஒரே மாதிரி இருக்கிறது, கூட்டமாகவும் வருகிறது. வேறு எதனுடனும் குழப்பிக்கொள்ள முடியாத ஒன்று வேண்டும்.

சனிக்கிழமை காலையில் பொம்மை வாத்துகளைச் சரிசெய்ய ராய்ஸ் தண்ணீரில் இறங்கினார். முழங்கால் ஆழம், இருபத்தைந்து அடி தூரம். அப்போது ஆறு வாத்துகள் தலைக்கு மேலே வந்தன. ஹார்லன் எழுந்து மேலே பார்த்து இரண்டு தடவை சுட்டார். நான் மேலே பார்க்கவில்லை. ஒரு தடவை சுட்டேன். முன்பிடியை இழுத்தேன், காலித் தோட்டா வெளியே விழுந்தது. "என்னோடது," என்றேன்.

ஹார்லன் அப்போதுதான் சுட்டிருந்தார், காது அடைத்திருக்கும். பிஸ்கட் நீந்திப்போய் ராய்ஸின் தொப்பியைக் கவ்விக்கொண்டு வந்து ஹார்லன் கையில் வைத்தது. அவர் தொப்பியைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார். அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டார்.

"ஐயோ, என் ரவைதான். நான்தான் கொன்னுட்டேன்."

"இல்ல ஹார்லன். என்னோடது."

அவர் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். "எனக்காகப் பழிய ஏத்துக்காத வெல்டா. உன் துப்பாக்கியால எதுவும் சாகாதுன்னு ஊருக்கே தெரியும்."

இப்போது அவர் உங்கள் லாக்கப்பில் சாப்பிடாமல் இருக்கிறார். கைதவறிச் சுட்டுவிட்டார் பாவம் என்று சர்ச் பெண்கள் தினம் ஒருவர் எனக்குச் சாப்பாடு கொண்டுவருகிறார்கள். நீங்களும் நேற்று என் தோளைத் தட்டி, "புருஷன் மேல உள்ள பாசத்துல பேசறீங்கம்மா, வீட்டுக்குப் போங்க" என்றீர்கள். நான் அதை மனதில் வைத்துக்கொள்ளவில்லை. ஆனால் டாக்டரிடம் கேளுங்கள். ஹார்லன் போடுவது பெரிய ரவை. எனக்கு அந்த அம்மாள் கொடுத்தது சின்ன ரவை, அதன் பிறகு நானும் அதையேதான் வாங்குகிறேன். ராய்ஸுக்குள்ளிருந்து எடுத்தது எது என்று பார்த்துச் சொல்லட்டும்.

ராய்ஸ் மேல் எனக்கு என்ன பகை என்று கேட்பீர்கள். ஒன்றும் இல்லை. என் அம்மாவை ஆஸ்பத்திரிக்கு வண்டியில் கொண்டுபோனவர் அவர். அவருடைய இறுதிச் சடங்குக்கு நான்தான் பீக்கன் பருப்பு வைத்த இனிப்புப் பணியாரம் சுட்டுக் கொண்டுபோனேன். அவர் பெரிதாக இருந்தார், அசையாமல் நின்றார். அவ்வளவுதான்.

அதனால் என் பேரை எழுதிக்கொண்டு ஹார்லனை வெளியே விடுங்கள். பருவம் முடிய இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. இனி மறைப்பில் நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான். அடுத்ததை யார் சுட்டது என்று ஒருவருக்கும் சந்தேகம் வராது.